விழுந்தான் என்று எழுதினார்களா, விழுத்தினார்கள் என்று எழுதினார்களா?

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மைத்துனர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது பொலிஸார் மறித்திருக்கிறார்கள். அவர் சற்றுத் தள்ளிப் போய் நிறுத்தியிருக்கிறார். அது குற்றமாகிவிட்டது. அடித்ததில் கை எலும்பு முறிந்து, பத்து நாளாக வைத்தியசாலையில் இருக்கிறார். ஊரவர்கள் சந்தியில் கூடி வீதியை மறித்தார்கள். மறுநாளே ஐந்து பேரின் பெயரைப் போட்டு நீதிமன்றத் தடையுத்தரவு வந்துவிட்டது. "பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு வந்தால்தான் இதற்கு விடிவு என்று சிலர் சொல்கிறார்கள். கொழும்பில் காலம் மாறுகிறது, பொறுங்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி? இப்போது நாங்கள் என்ன செய்வது?" என்பது அவருடைய கேள்வி.

நான் சட்டத்தரணி இல்லை. வவுனியாவிலும் பின்னர் வன்னியின் வேறு நீதிமன்றங்களிலும் இருபத்தாறு ஆண்டுகள் உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பொலிஸார் சிங்களத்தில் எழுதிக் கொண்டுவருவதைத் தமிழில் சொல்வதும், சாட்சிக் கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை மறுபக்கம் கொண்டுபோவதும்தான் என் தொழில். ஆகவே என் பதில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். பெரிய கேள்வியைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் ஒரு வினைச்சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து நடந்தது. ஒரு தாய் சாட்சி சொல்ல வந்திருந்தார். மகனைப் பொலிஸ் நிலையத்தில் வைத்து அடித்தார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. அவர் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி என் கையில் இருந்தது. முழுவதும் சிங்களம். அடியில் தமிழில் நடுங்கிய எழுத்தில் அவருடைய கையெழுத்து. நான் வரி வரியாகத் தமிழில் வாசித்துக்கொண்டு போனேன். "மகன் நிலையத்தின் படியில் விழுந்து காயமடைந்தான்" என்ற வரி வந்ததும் அந்த அம்மா கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நான் விழுந்தான் என்று சொல்லவில்லை, விழுத்தினார்கள் என்றுதான் சொன்னேன்" என்றார்.

நீதவான் நிமிர்ந்து பார்த்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உடனே எழுந்து, "இது உங்கள் கையெழுத்துத்தானே?" என்று கேட்டார். "ஓம்" என்றார் அம்மா. "வாசித்துக் காட்டிய பிறகுதானே வைத்தீர்கள்?" அதற்கும் "ஓம்" என்றார். வாசித்துக் காட்டியது உண்மைதான். சிங்களத்தில் வாசித்துக் காட்டியிருந்தார்கள்.

அந்தக் கான்ஸ்டபிள் வேண்டுமென்றே மாற்றினாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த தமிழ் "எங்கே போறது", "அடையாள அட்டை எடு" என்ற அளவில்தான் இருந்திருக்கும். விழுந்தான் என்பதற்கும் விழுத்தினார்கள் என்பதற்கும் நடுவில் வேறுபடும் சில எழுத்து அவர் காதில் ஏறியிருக்காது. ஆனால் அந்தச் சில எழுத்தில்தான் குற்றவாளி இருக்கிறான். விழுந்தான் என்றால் படியின் குற்றம். விழுத்தினார்கள் என்றால் யார் என்று கேட்க வேண்டும். வழக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள், நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பொலிஸ் அத்துமீறல் என்றதும் எல்லோரும் பொல்லைப் பற்றியே பேசுகிறார்கள். பொல்லால் அடித்த காயம் ஆறிவிடும். புத்தகத்தில் எழுதியது பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நீதிமன்றத்தில் பேசும். வன்னியில் பொலிஸாரின் உண்மையான அதிகாரம் முறைப்பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது, எந்த மொழியில் எழுதுவது, எப்போது எழுதியதாகத் தேதி போடுவது எல்லாமே அவர்கள் கையில்.

சட்டம் இதில் நம் பக்கம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவு, முறைப்பாட்டை அது சொல்லப்படும் மொழியிலேயே எழுத வேண்டும் என்கிறது. அந்த மொழியில் எழுத முடியாத அலுவலர் என்றால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அரசியலமைப்பின்படி வடக்கில் நிர்வாக மொழியே தமிழ். ஆக, ஒரு கொப்பித் தாளில் நீங்களே தமிழில் எழுதிக் கொண்டுபோய், "இதுதான் என் முறைப்பாடு, இதை ஒட்டிப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்வது நீங்கள் தயவு கேட்பது ஆகாது, சட்டம் சொன்ன வழி. என் அனுபவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைச் செய்வதில்லை. சொன்னால் "ஐயா, பொலிஸில் போய்ச் சட்டம் பேசலாமா?" என்கிறார்கள்.

இப்போது போராட்டத்துக்கு வருகிறேன். இங்கேயும் ஒரு சொல்லில்தான் சிக்கல். நம் ஊர்களில் எல்லோரும் "பொலிஸ் அனுமதி எடுத்தீர்களா?" என்று கேட்கிறார்கள். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவு ஊர்வலத்துக்குக் கேட்பது அனுமதி அல்ல, அறிவித்தல். ஊர்வலம் தொடங்குவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பாவது நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். தடுப்பதானால் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவர் காரணத்தோடு தடுக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத்தான் அனுமதிப் பத்திரம் வேண்டும். அறிவித்தலைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கையெழுத்தும் நேரமும் போட்ட பிரதியைக் கேட்டு வாங்கவேண்டும். 1865 ஆம் ஆண்டுச் சட்டம் அது. வெள்ளைக்காரன் தன் வசதிக்காக எழுதியது. அவன்கூட அனுமதி என்று எழுதவில்லை, நாமாகவே அதை அனுமதி ஆக்கிக்கொண்டோம்.

உங்களுக்கு வந்த தடையுத்தரவு பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவின் கீழ் எடுத்ததாக இருக்கும். பொதுத் தொல்லை ஏற்படப் போகிறது, அவசரம் என்று பொலிஸார் நீதவானிடம் போய்ச் சொல்வார்கள். மறுதரப்பு அங்கே இருக்காது. கட்டளை பிறக்கும். பொதுவாக அதன் ஆயுள் பதினான்கு நாள். அதை நீக்கும்படி பெயர் குறிக்கப்பட்டவர்கள் மன்றில் தோன்றிக் கேட்கலாம். சட்டத்தரணிகள் அப்படிப் போய் வாதிட்ட பல சந்தர்ப்பங்களில் கட்டளை நீங்கியதையும் தளர்ந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். நினைவேந்தல் ஒன்றைத் தடுக்கக் கொடுத்த விண்ணப்பம் ஒன்றை ஒருமுறை மொழிபெயர்த்தேன். கொரோனா பரவும் அபாயம் என்று அதில் ஒரு பந்தி. கொரோனாக் கட்டுப்பாடுகள் எல்லாம் எடுத்து நெடுநாள் ஆகியிருந்தது. முந்திய ஆண்டு விண்ணப்பத்தை எடுத்து, தேதியையும் பெயர்களையும் மாற்றி, அந்தப் பந்தியை அழிக்க மறந்துவிட்டார்கள். மன்றில் அதை நான் வாசித்தபோது பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சிரிப்புக்கூட வந்திருக்கலாம்.

தடையுத்தரவு வந்தால் போராட்டமே முடிந்தது என்று எண்ண வேண்டாம். 2021 பெப்ரவரி 3 இல் பொத்துவிலில் தொடங்கி 7 ஆம் தேதி பொலிகண்டியில் முடிந்த நடைபயணத்துக்கு எதிராகப் பொலிஸார் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கினார்கள். அது முல்லைத்தீவையும் கடந்து போனது, வவுனியாவையும் கடந்து போனது. இன்னொரு முகமும் உண்டு. 2024 பெப்ரவரி 4 இல், சுதந்திர தினத்தைக் கறுப்பு நாளாக்கி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் கிளிநொச்சியில் நடத்திய பேரணி மீது கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் அடித்து, சிலரைக் கைது செய்தார்கள். ஆகவே நான் யாரையும் "போங்கள், ஒன்றும் நடக்காது" என்று தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் நீதிமன்றக் கட்டளையின் பெயரால் நம்மைத் தடுக்கும் அதே பொலிஸார், வேறு சிலர் நீதிமன்றக் கட்டளையை மிதித்தபோது என்ன செய்தார்கள் என்பதை வன்னி மறக்காது. 2019 செப்டெம்பர் 23. செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில் விகாரை அமைத்திருந்த பிக்கு ஒருவர் காலமாகியிருந்தார். உடலைக் கோயிலருகில் எரிக்கக் கூடாது, வேறிடத்தில் எரியுங்கள் என்று முல்லைத்தீவு நீதிமன்றம் அன்று காலையே சொல்லிவிட்டது. பொது பல சேனா என்ற பௌத்த அமைப்பின் ஞானசார தேரரும் அவரோடு வந்தவர்களும் கோயிலின் தீர்த்தக் கேணிக் கரையிலேயே எரித்தார்கள். கட்டளையைச் சுட்டிக்காட்டிய சட்டத்தரணி தாக்கப்பட்டார். பொலிஸார் நின்றார்கள். நின்றார்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வடக்குச் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள், முல்லைத்தீவில் மக்கள் திரண்டார்கள்.

இதை 2024 மார்ச் 8 சிவராத்திரியோடு வைத்துப் பாருங்கள். நெடுங்கேணிக்கு அப்பால் வெடுக்குநாறி மலையில் ஆதிலிங்கேஸ்வரருக்கு இரவுப் பூசை. பொலிஸார் சப்பாத்துக் காலோடு ஏறிப் பூசகர் உட்பட எட்டுப் பேரைப் பிடித்தார்கள். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். தொல்பொருள் சட்டம் காட்டப்பட்டது. எட்டுப் பேரும் விளக்கமறியலில் இருந்தார்கள். 19 ஆம் தேதி வவுனியா நீதவான் வழக்கைத் தள்ளுபடி செய்து எட்டுப் பேரையும் விடுவித்தார். வழக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பதினொரு நாள் மறியல் போனது போனதுதான்.

இரண்டு சம்பவத்திலும் ஒரே பொலிஸ் திணைக்களம், ஒரே சட்டப் புத்தகம். ஒன்றில் கட்டளை இருந்தும் கை எழவில்லை, மற்றதில் கை முந்திக்கொண்டது. வன்னி மக்கள் பொலிஸாரை நம்பாததற்குக் காரணம் சட்டம் தெரியாததால் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்வார்கள். சட்டத்தைக் கண்முன்னே பார்த்ததால்தான் நம்பவில்லை என்று நான் சொல்வேன்.

இனி முறைப்பாட்டு வழிகள். உங்கள் மைத்துனர் விடயத்தில் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே இதைக் கவனமாக வாசியுங்கள். சித்திரவதை, கொடூரமான நடத்தை இரண்டும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறுபவை. அதற்காக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் உண்டு. பத்து நாள் போய்விட்டது. உயர் நீதிமன்றம் கொழும்பு புதுக்கடையில் மட்டும் இருக்கிறது. இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, மலசலகூடம் தேடி முகம் கழுவி, சட்டத்தரணியைத் தேடி நடக்கும் வன்னித் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு மாதம் என்பது மிகச் சிறிய காலம்.

அதனால்தான் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகம் முக்கியமாகிறது. ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்து, விசாரணை நிலுவையில் இருந்தால், அந்தக் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டு ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பற்றுச்சீட்டை வாங்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். முறைப்பாடு கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கறாராகச் சொல்லியிருக்கிறது. விசாரணைக்கு அழைத்த ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். வழி எதுவும் தெரியாவிட்டால் 1996 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், அது ஆணைக்குழுவின் அவசர இலக்கம். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், எழுத வேண்டும். பொலிஸாருக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாட்டை ஏற்று விசாரிப்பது அரசியலமைப்பு அதற்குக் கொடுத்த வேலை. அந்த ஆணைக்குழுவின் வரலாற்றைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 17 ஆம் திருத்தம் 2001 இல் பெற்றெடுத்தது, 18 ஆம் திருத்தம் 2010 இல் பிடுங்கியது, 19 ஆம் திருத்தம் 2015 இல் திருப்பிக் கொடுத்தது, 20 ஆம் திருத்தம் 2020 இல் பல்லைப் பிடுங்கியது, 21 ஆம் திருத்தம் 2022 இல் மீண்டும் கட்டிவிட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் கூரை கழற்றிப் பூட்டப்படும் வீட்டில் யார் நிம்மதியாகக் குடியிருப்பது? இதைச் சொல்வதால் அங்கே எழுதுவது வீண் என்று அர்த்தமில்லை. பதிவுத் தபாலில் தமிழில் எழுதுங்கள், பதிலும் தமிழில் வேண்டும் என்று கடைசி வரியில் போடுங்கள்.

1994 ஆம் ஆண்டுச் சித்திரவதைக்கு எதிரான சட்டமும் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஏழு ஆண்டு, கூடியது பத்து ஆண்டுச் சிறை. காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் விசாரிப்பது பொலிஸார், வழக்குத் தொடுப்பது சட்டமா அதிபர். தண்டனை வரை போன வழக்குகள் மிகக் குறைவு.

"கொழும்பில் காலம் மாறுகிறது" என்பவர்களுக்கு ஒரு கதை. 2010 இல் மிரிஹான பொலிஸில் ஒருவரைப் பிடித்து வதைத்தார்கள். அவர் சிங்களவர், முன்னாள் படைவீரர். 2011 இல் உயர் நீதிமன்றம் போனார். தீர்ப்பு வந்தது 2023 டிசெம்பர் 14 இல். பொறுப்பாளிகளாகக் காணப்பட்டவர்களில் ஒருவர் அன்றைக்குப் பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோன். தீர்ப்புக்குப் பிறகு அவரை என்ன செய்தார்கள்? 2024 பெப்ரவரியில் நிரந்தரப் பொலிஸ் மா அதிபர் ஆக்கினார்கள். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஓகஸ்ட் 5 இல் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. ஒரு பொலிஸ் மா அதிபர் இப்படிப் போனது இந்நாட்டில் இதற்கு முன் நடவாதது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இந்தக் கதையில் இரண்டு விடயம் இருக்கிறது. பொலிஸ் நிலையத்துக்குள் அடிபடுவது தமிழனுக்கு மட்டும் எழுதிவைத்ததல்ல. தென்னிலங்கை ஏழையும் அடிபடுகிறான், அவனுடைய வழக்கும் பன்னிரண்டு ஆண்டு இழுபட்டது. அவனோடு பேசாமல் நாம் மட்டும் தனியே சீர்திருத்தம் கேட்பது பலவீனம். ஆனால் அவன் கொடுத்த வாக்குமூலம் அவனுடைய மொழியில் எழுதப்பட்டது. விழுந்தான், விழுத்தினார்கள் என்ற பிரச்சினை அவனுக்கு வரவில்லை. நமக்கு அடியும் உண்டு, அதற்கு மேல் மொழியும் உண்டு, அதற்கும் மேல் 1979 இல் வந்து இன்றுவரை உயிரோடிருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் உண்டு. அச்சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். சாதாரணச் சட்டத்தில் செல்லாது. அப்படி எழுதிய ஒப்புதல்கள் சிலவற்றை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவர், ஒரு சிங்களச் சொல்லும் அறியாதவர், தட்டெழுத்தில் அழகான சிங்களத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பார்.

அடுத்தது, பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு வருவது பற்றிய கேள்வி, அதாவது அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம். 1987 இல் வந்த அந்தத் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாணப் பொலிஸ் பிரிவு இருக்கிறது. அதற்கொரு பிரதிப் பொலிஸ் மா அதிபர், முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்கப்படுவார். மூன்று பேர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவில் ஒருவர் முதலமைச்சரின் ஆள். எந்த மாகாணத்திலும் இது நடைமுறைக்கு வரவில்லை. வட மாகாண சபை 2013 இல் கூடி 2018 இல் கலைந்தது. அதன் பிறகு தேர்தலும் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று கோபப்படுவது முழு நியாயம். நானும் கொடுக்க வேண்டும் என்ற பக்கம்தான்.

ஆனால் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் வாசித்துப் பார்க்க வேண்டும். நாட்டுக்கு எதிரான குற்றங்கள், தேசிய பாதுகாப்பு என்ற தலைப்பில் வருபவை எல்லாம் தேசியப் பிரிவிடமே இருக்கும். ஆக, பயங்கரவாத விசாரணைப் பிரிவின் அழைப்புக் கடிதம் மாகாணப் பொலிஸ் வந்த பிறகும் கொழும்பில் உள்ள அதே நான்காம் மாடி விசாரணை அலுவலகத்துக்கே கூப்பிடும். நமக்கு வருவது களவு, அடிதடி, கசிப்பு, மணல், வீதிப் போக்குவரத்து. அதுவும் சிறிய விடயம் இல்லை. மணல் டிப்பர் இரவில் எந்தச் சந்தியால் போகிறது என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும், நிலையத்துக்கு மட்டும் தெரியாமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு உள்ளூர்ப் பொலிஸ் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

தமிழ் பேசும் பொலிஸ் வந்தால் தானாகவே எல்லாம் சரியாகும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வன்னியில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நீலச் சீருடை நினைவிருக்கும். கிளிநொச்சியில் தலைமையகம் வைத்துத் தமிழீழக் காவல்துறை இயங்கிய காலம். தமிழில் முறைப்பாடு, தமிழில் பதில். இலஞ்சம் கேட்க மாட்டார்கள், இரவில் பெண்கள் தனியே போகலாம் என்று இன்றைக்கும் ஏக்கத்தோடு சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. அவர்களிடம் ஒன்று கேட்பேன்: அந்தக் காவல்துறை தவறு செய்தபோது நீங்கள் எங்கே போய் முறைப்பாடு கொடுத்தீர்கள்? அநேகமாகப் பேச்சு அங்கே நின்றுவிடும். மொழி ஒன்றாக இருந்தது, கேள்வி கேட்கும் வழி இருக்கவில்லை. இன்றைக்கு மொழியும் இல்லை, வழி காகிதத்தில் மட்டும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளும் வன்னிக்கு வந்ததில்லை.

என்னைக் கேட்டால், முதலமைச்சரின் கையில் யாரை நியமிக்கும் அதிகாரம் என்பதற்கு முன்னால் மிகச் சாதாரணமான சிலவற்றைக் கேட்பேன். வாக்குமூலம் எடுக்கும்போது ஒலிப்பதிவு. கைத்தொலைபேசி இல்லாத கான்ஸ்டபிளே கிடையாது, ஒலிப்பதிவுக்குக் கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எழுதியதன் பிரதியை முறைப்பாட்டாளர் படி இறங்குமுன் அவர் கையில் கொடுப்பது. வடக்கிலுள்ள நிலையம் ஒவ்வொன்றிலும் இரவிலும் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர். நீதவான் மாதம் ஒருமுறையாவது பொலிஸ் நிலையங்களுக்குப் போய்த் தடுத்து வைக்கப்பட்டவர்களைப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. அந்த வருகை எல்லாருக்கும் தெரியும்படி நடக்க வேண்டும். பொலிஸாரை விசாரிக்கப் பொலிஸ் அல்லாத ஒரு விசாரணைப் பிரிவு வேண்டும், அது பெரிய வேலை, கொழும்பில் சட்டம் செய்துதான் வரும். முந்தியவற்றுக்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு தேவையில்லை, பொலிஸ் மா அதிபரின் ஒரு சுற்றறிக்கை போதும். இதைத் தேர்தல் மேடையில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. "ஒலிப்பதிவு வேண்டும்" என்றால் கைதட்டல் வராது போலும்.

பொலிஸாரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாத்தறையிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வரும் இருபத்து மூன்று வயதுப் பையனை, மொழி தெரியாத காட்டோரத்து நிலையத்தில் விட்டுவிடுகிறார்கள். தண்டனை இடமாற்றத்தில் வந்தவர்களுக்குக் கீழே வேலை பழகுகிறான். வாசலில் வரும் ஒவ்வொருவரும் தன்னை ஏமாற்றத்தான் வருகிறார்கள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. நீதிமன்ற வராந்தாவில் அப்படி ஒருவன் என்னிடம் "ஐயா, 'தெரியாது' என்றும் 'தெரியேல்லை' என்றும் சொல்கிறார்கள், இரண்டும் ஒன்றா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குக் கால் மணி நேரம் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவனை மாற்றிவிட்டார்கள்.

இனி உங்கள் மைத்துனர். வைத்தியசாலையில் அவரைச் சேர்த்தபோது, வைத்தியர் "என்ன நடந்தது?" என்று கேட்டிருப்பார். அந்த நேரம் கட்டில் அருகே பொலிஸார் நின்றார்களா? நின்றிருந்தால் பையன் பயத்தில் "மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று சொல்லியிருப்பான், நோயாளர் அட்டையிலும் அப்படியே ஏறியிருக்கும். இன்றைக்கே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி எழுதியிருந்தால், வைத்தியரிடம் தனியே பேசி, நடந்ததைச் சொல்லி, அதையும் பதியும்படி கேளுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடந்ததா என்று பாருங்கள். அதற்கான படிவத்தைக் கொடுக்க வேண்டியவர்களும் பொலிஸாரே என்பதால் பல நேரம் அது பிந்தும். பிந்தினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். காயங்களை நாள் தெரியும்படி படம் எடுங்கள். எலும்பு கூடிவிடும், கண்டல் மறைந்துவிடும்.

பொலிஸ் நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டால் சட்டத்தரணியோடு போங்கள். சந்தேகநபருக்காகச் சட்டத்தரணி நிலையத்தில் முன்னிலையாகலாம் என்று 2012 இல் வர்த்தமானியில் விதி வந்திருக்கிறது. "இங்கே வழக்கமில்லை" என்று சொல்வார்கள், அந்த விதியின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். பேசித் தீர்க்கலாம், மோட்டார் சைக்கிளை விட்டுவிடுகிறோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்று ஊர்ப் பெரியவர் யாரேனும் தூது வருவார். அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். முடிவு உங்களுடையது. ஆனால் வந்தவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

போராட்டத்தைப் பொறுத்தவரை, தடையுத்தரவில் பெயருள்ள ஐந்து பேரும் ஒரு சட்டத்தரணியோடு மன்றுக்குப் போகட்டும். பெயரில்லாதவர்கள் வீதியை மறிக்காமல், ஆறு மணி நேர அறிவித்தலோடு நிற்கலாம். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக உட்கார்ந்த காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் வீதியை மறிக்கவில்லை. ஓரமாக ஒரு கொட்டகை, பிள்ளைகளின் படங்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்த சில வாரங்களில் உட்கார்ந்தார்கள். வவுனியாக் கொட்டகையில் நாளை எண்ணி எழுதி வைப்பார்கள். நீதிமன்றம் போகும் வழியில் அந்த எண்ணை நான் ஒவ்வொரு நாளும் வாசித்திருக்கிறேன். பதில் கிடைக்காமலே பலர் கண்ணை மூடிவிட்டார்கள். ஆனால் அந்த எண்ணை எந்தப் பொலிஸ் புத்தகத்திலும் மாற்றி எழுத முடியவில்லை.

பொலிஸார் ஏற்கெனவே உங்கள் மைத்துனரிடமோ அக்காவிடமோ சிங்களத்தில் எழுதிய எதிலாவது கையெழுத்து வாங்கியிருந்தால், அதன் சான்றுப்படுத்திய பிரதியைக் கேட்டு எடுங்கள். வவுனியாப் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன். மற்ற வரிகளைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த வினைச்சொல்லைத் தேடுவோம்.